குத்தாமல் நின்ற கை

ஜெயராமன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு கண்ணை இறுக மூடியிருந்தார். இடது கை பிளாஸ்டிக் நாற்காலியின் கைப்பிடியில், ஒரு தலையணைமேல் நீண்டு கிடந்தது. முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டேன். நரம்பு பச்சையாகப் புடைத்து வந்தது. பஞ்சால் துடைத்தாயிற்று. ஸ்பிரிட் வாசனை மூக்கில் ஏறியது. என் வலது கையில் ஊசி.

கை நகரவில்லை.

நடுங்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. பயத்தில் நடுங்குகிறது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லியிருப்பேன். இது நடுங்கவும் இல்லை. பஸ்ஸுக்கு நிற்கிற ஆளைப்போல நிம்மதியாக அந்தரத்தில் நின்றது. உடம்பில் மற்றதெல்லாம் பதறிக்கொண்டிருந்தது. காதுக்குள் நெஞ்சடிப்பு கேட்டது. முதுகில் வேர்வை இறங்கி ஜாக்கெட்டை நனைத்தது. கை மட்டும் எனக்குச் சம்பந்தமே இல்லாததுபோல இருந்தது.

தாமலில், ஏரிக்கரைக்குப் போகிற சாலையில் அவர் வீடு. முப்பது வருஷம் வேலூர் வழியில் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். லாரிக்கும் மழைக்கும் பயப்படாத மனிதருக்கு ஊசி என்றால் ஆகாது. சிறுநீரகம் கொஞ்சம் பலவீனமாகிவிட்டதால் மாதம் ஒருமுறை இரத்தம் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். பயத்தில் அவர் உள்ளங்கையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார். அப்படிச் செய்யக் கூடாது என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வாயும் வரவில்லை.

சமையலறையில் அவர் மனைவி சரோஜாம்மா மிக்ஸியில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தார். பட்டையைக் கட்டும்போது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஆறு இருபது. மிக்ஸி ஓடி நின்றது. மறுபடி ஓடி நின்றது. பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது.

"இன்னாமா, எடுத்துட்டியா?"

அந்தக் குரல் காதில் விழுந்ததும் கை தானாக இறங்கிக் குத்தியது. ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. குழாயில் இரத்தம் ஏறியது. பட்டையை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்தேன். கடிகாரத்தில் ஆறு இருபத்தைந்து.

அவர் கையில் பட்டை இருந்த இடம் வாய்க்கால்போலச் சிவந்து பள்ளமாகியிருந்தது. அவர் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார்.

"வலிக்கவே இல்லமா. நல்ல கை உனக்கு."

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்குப் பெருமையாக இருந்தது.

பாதித் தொழில்

இந்தத் தொடரை இன்றுதான் பிரிக்கிறவர்களுக்காக இரண்டு வரி. என் பெயர் கஸ்தூரி. வயது நாற்பத்தைந்து. இருபத்திரண்டு வருஷம் தறியில் உட்கார்ந்துவிட்டு, இப்போது வீடு வீடாகப் போய்ப் பரிசோதனைக்கு இரத்தம் எடுக்கிறேன்.

தறியில் உட்கார்ந்தேன் என்று சொன்னேனே தவிர, நெய்தேன் என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? எங்கள் ஊர்ப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம் என்று வந்தால் அதற்குக் கோர்வை என்று பெயர். அதை ஒற்றை ஆள் நெய்ய முடியாது. நெய்கிறவர் குழியில் கால் வைத்து நடுவில் உட்கார்வார். வலப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரை நூல் சுற்றிய நாடாவை இழைகளுக்கு நடுவே விட வேண்டும். அந்த இன்னொருவர்தான் நான். குழியில் உட்கார்ந்தவர் என் வீட்டுக்காரர்.

அவர் காலடியில் இருக்கும் மிதிக்கட்டையை அழுத்திவிட்டுத் தொண்டைக்குள் "ம்" என்பார். நான் நாடாவை விடுவேன். மறுபடி "ம்". மறுபடி விடுவேன். ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் "ம்" என்று நான் எண்ணியதில்லை. வாயில் குழம்பு ருசி பார்த்துக்கொண்டே, மகள் பவித்ராவுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொண்டே, சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாட்களிலும்கூட, அந்த "ம்" வந்தால் கை போய்விடும். மூளைக்கு அதில் வேலையே இல்லை.

எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் கஸ்தூரி கை சுத்தம் என்பார்கள். சுத்தம்தான். ஆனால் யாராவது சொல்லாமல் அந்தக் கை ஒரு காரியமும் தொடங்கியதில்லை என்பது அப்போது எனக்கே தெரியாது.

அவர் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாகறல் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்றார். கொடியில் காய்ந்த சட்டையைப் போட்டுக்கொண்டு போனார். கோயிலுக்குப் போனாரோ என்னவோ, போய்ச் சேர்ந்தது மூன்று தெரு தள்ளி வேறொரு அம்மா வீட்டுக்கு. பம்பாய், சூரத் என்று போயிருந்தால் அழுது தீர்த்திருக்கலாம். மூன்று தெரு தள்ளிப் போனால் என்ன செய்வது? பங்குனித் தேரில் எதிரே வருகிறார். பால் வாங்குகிற கடையில் நிற்கிறார். முதல் ஆறு மாதம் நான் சுற்று வழியிலேயே நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தேன்.

தறி என் வீட்டில். அதில் உட்கார ஆளில்லை. மிதி போட எனக்கு வராது. இன்னொருவர் வீட்டில் போய், இன்னொருத்தி புருஷன் பக்கத்தில் உட்கார்ந்து நாடா விடலாம். கூப்பிடவும் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட வீட்டு அம்மாக்கள் என்னைப் பார்த்த பார்வையிலேயே போகவில்லை.

இருபத்திரண்டு வருஷம் கற்றது பாதித் தொழில் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மீதிப் பாதி, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டது.

வகுப்பில் முதல் ஆள்

பிளஸ் டூவில் அறிவியல் பிரிவு படித்தவள் என்பதை என் மகள் பவித்ராதான் தூசி தட்டி எடுத்தாள். ஏனாத்தூர் பக்கம் ஆறு மாதப் பயிற்சி ஒன்று இருந்தது. இரத்தம் எடுக்க, குழாயில் பெயர் ஒட்ட, கெடாமல் கொண்டுவந்து சேர்க்கக் கற்றுத் தருவார்கள். கூடப் படித்ததுகள் எல்லாம் பத்தொன்பது, இருபது. என்னை ஆன்ட்டி என்றன.

முதல் நாள் மயங்கி விழுந்தேன். இரத்தத்தைப் பார்த்து அல்ல, ஊசியைப் பிரித்த சத்தத்துக்கே. அந்தப் பிள்ளைகள் என் முகத்தில் தண்ணீர் அடித்துவிட்டு, எனக்கு வாங்கி வைத்திருந்த ஜூஸை அவர்களே குடித்தார்கள்.

ஆனால் ஒரு மாதத்தில் நான்தான் முதல் ஆள். ஒருவர் கையை ஒருவர் குத்திப் பழக வேண்டும். என்னிடம் குத்து வாங்கத்தான் எல்லோரும் வரிசையில் நிற்பார்கள். "பட்டு மாதிரி போவுது ஆன்ட்டி" என்பார்கள். சொல்லித்தந்த அம்மா பக்கத்தில் நின்று "இப்போ போடுங்க" என்பார். போட்டுவிடுவேன். பிறகு வேலைக்குச் சேர்ந்த லேபில் ஹெலன் மேடம் பக்கத்தில் நின்று "ம், எடுங்கக்கா" என்பார். எடுத்துவிடுவேன். தனியாக வீடுகளுக்கு அனுப்பிய முதல் வாரத்தில் நோயாளிகளே, "சட்டுனு குத்துமா, ஆபீஸ் போவணும்" என்றார்கள். குத்திவிட்டேன்.

வாயைத் திறக்காமல் கண்ணை மூடிக்கொண்டவர் ஜெயராமன் ஒருவர்தான்.

"இல்ல மேடம்"

அன்றைக்குப் பதினொரு மணிக்கு நான் வீட்டில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது ஹெலன் மேடம் கூப்பிட்டார். என்னைவிடப் பத்து வயது சின்னவர். லேப் அவருடையது. குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"அக்கா, தாமல் ஜெயராமன் சாருக்குப் பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்குது. மெஷின்ல ரெண்டு வாட்டி ஓட்டிப் பாத்துட்டேன். இந்த அளவுன்னா இதயம் நின்னுடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிட்டேன், அவர் பையன் கார்ல கூட்டிக்கினு வந்துக்கினு இருக்கறான்." ஒரு மூச்சு விட்டார். "எடுக்கும்போது ஏதாச்சும் பிரச்சினையா?"

ஆறு இருபது. ஆறு இருபத்தைந்து. மூடி மூடித் திறந்த அந்த உள்ளங்கை. மூன்றும் ஒரே நேரத்தில் கண்முன் வந்தன. பட்டையைக் கட்டினால் ஒரு நிமிஷத்துக்குள் அவிழ்த்துவிட வேண்டும், கட்டி வைத்த கையை மூடித் திறந்தால் உடம்பில் பொட்டாசியம் ஏறாமலே ஏறியதுபோலக் காட்டும் என்று மூன்றாம் வாரமே சொல்லித்தந்திருந்தார்கள். நோட்டில் அடிக்கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

"இல்ல மேடம்," என்றேன்.

"நிச்சயமா?"

"ஒரே குத்துல வந்துடுச்சு மேடம்."

போனை வைத்தேன். அதுவரை எனக்கிருந்த பயம் என்னைப் பற்றியது. வேலை போய்விடும், பவித்ரா படிப்பு நிற்கும், தெருவில் சிரிப்பார்கள், மூன்று தெரு தள்ளியும் சிரிப்பார்கள். இப்போது வந்தது வேறு பயம். இல்லாத நோய்க்கு அந்த மனிதருக்கு மருந்து ஏற்றுவார்கள். ஏறாததை இறக்குவார்கள். இறங்கிக்கொண்டே போனால்?

போனை எடுத்து ஹெலன் மேடத்தின் எண்ணை அழுத்தினேன். மணி அடிக்கும் முன் வெட்டினேன். இன்னொரு முறை அழுத்தி இன்னொரு முறை வெட்டினேன். அவர்களே அங்கே திரும்பப் பார்ப்பார்கள், தெரிந்துவிடும், நான் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு மனசு. அரிசியை மறுபடி களைந்தேன். ஐந்து தண்ணீர் களைந்திருப்பேன். "வலிக்கவே இல்லமா" என்று அவர் சொன்னது காதுக்குள் வந்து நின்றுகொண்டது. திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். பாராட்டியல்லவா தொலைத்தார்!

அரிசியை அப்படியே விட்டுவிட்டு லேபுக்கு ஸ்கூட்டரை விரட்டினேன்.

ஹெலன் மேடத்திடம் சொல்லி முடிக்கும்வரை அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, அவர் மேஜைமேல் இருந்த பேனாவைத்தான் பார்த்தேன். அஞ்சு நிமிஷம் என்றேன். கை வரவில்லை என்றேன். கோர்வையைப் பற்றியும் ஏதோ உளறினேன். அவர் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார். எங்கள் சாம்பிள் நம்பக் கூடியதில்லை, எதுவும் கொடுக்கும் முன் புதிதாக எடுத்துப் பாருங்கள் என்றார். எங்கள் தப்பு என்று இரண்டு முறை சொன்னார். என் தப்பு என்று சொல்லவில்லை.

வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"கை நிக்கிறத சரி பண்ணலாங்கா. நான் கேட்டதுக்கு 'இல்ல'ன்னு சொன்னீங்க பாருங்க, அத இன்னா பண்றதுன்னுதான் எனக்குத் தெரியல. கிளம்புங்க. அவங்ககிட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க."

ஆஸ்பத்திரியில்

ஜெயராமன் மார்பில் ஒயர்களை ஒட்டி வைத்துப் படுத்திருந்தார். புதிதாக எடுத்த இரத்தத்தின் முடிவு அப்போதுதான் வந்திருந்தது. எல்லாம் அவருக்கு எப்போதும் இருக்கிற அளவுதான். மருந்து எதுவும் ஏற்றியிருக்கவில்லை. ஒயர்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

நான் சொன்னேன். சரோஜாம்மா எழுந்துவிட்டார்.

"இன்னாமா பொம்பள நீ? கார்ல வர வழியெல்லாம் இந்த மனுசன் யார் யாருக்கு எத குடுக்கணும்னு சொல்லிக்கினே வந்தாரு. பையன் அழுதுக்கினே வண்டி ஓட்னான். ஊசி போடத் தெரியாதவ எதுக்கு ஊசியத் தூக்கிக்கினு வர?"

 அவர் கேட்டதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

ஜெயராமன் திட்டவில்லை. மேலே சுழன்ற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு, "செத்துட்டேன்னே நெனச்சேன்மா," என்றார். கண்ணோரத்தில் தண்ணீர் இறங்கி காதுப் பக்கம் போனது. நான் வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டேன். என் பயத்தை எடுத்து இன்னொரு மனுஷர் மடியில் கட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

ஹெலன் மேடம் என்னை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஒரு வாரம் எந்த வீட்டுக்கும் போக வேண்டாம், லேபிலும் ஊசியைத் தொட வேண்டாம், திங்கட்கிழமை வந்து என்ன செய்கிறேன் என்று சொன்னால் போதும் என்றார்.

அவர் வந்த மத்தியானம்

அந்த வாரம் வியாழக்கிழமை வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. யார் என்று பார்க்காமலே தெரிந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு என் வீட்டுக்காரர். கொஞ்சம் இளைத்திருந்தார். உட்காரச் சொல்லவில்லை, அவரே உட்கார்ந்தார்.

"கேள்விப்பட்டேன் கஸ்தூரி. ஊசி வேலையெல்லாம் உனக்கு எதுக்கு? கேஸு கீஸுன்னு போட்டா இன்னா பண்ணுவ?"

"பயமாத்தாங்க இருக்குது," என்றேன். இவரிடம் போய்ச் சொன்னேனே என்று பிறகு தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் அந்த நாலு நாளில் என்னிடம் யாரும் மெதுவாகப் பேசியிருக்கவில்லை.

அவர் வந்த விஷயத்தைச் சொன்னார். முதலாளி ஒருவர் கல்யாணப் புடவைக்குத் தறியில் ஏற்றப் பாவு நூல் தருகிறாராம். நல்ல கோர்வை. தறிதான் இங்கே இருக்கிறதே. காலையில் வருவாராம், நெய்வாராம், சாயந்திரம் போய்விடுவாராம்.

"போயிடுவீங்களா?"

"அது அது அங்கங்க இருக்கட்டும். நீ பக்கத்துல உக்காந்தா போதும். அவளுக்குக் கரை போட வரல."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உடம்பெல்லாம் தளர்ந்து, அப்பாடா என்றிருந்தது. ஊசி வேண்டாம். தெரியாத வீட்டுக் கதவைத் தட்ட வேண்டாம். யாரும் என் கையால் சாகப்போவதில்லை. அவமானம்தான், ஆனால் அது பழகிய அவமானம். சரி என்கிற வார்த்தை தொண்டைவரை வந்துவிட்டது.

அவர் முன்னறைக்குப் போய்க் குழியில் இறங்கினார். தறியில் நூல் இல்லை, வெறும் சட்டம்தான். கயிறெல்லாம் சரியாக இருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தார்.

"உக்காரு, சும்மா பாக்கலாம்."

போய் என் பலகையில் உட்கார்ந்தேன். அவர் மிதியை அழுத்திப் பார்த்தார். பழக்கத்தில் "ம்" என்றார்.

என் வலது கை எழுந்து, இல்லாத நாடாவைக் காற்றில் வீசிவிட்டு வந்து மடியில் உட்கார்ந்தது.

நான் வீசவில்லை. சத்தியமாக நான் வீசவில்லை. இரண்டு வருஷம் அழுதிருக்கிறேன், சபித்திருக்கிறேன், பெயரைக் கேட்டால் காதைப் பொத்தியிருக்கிறேன். அத்தனைக்கும் பிறகு இந்த ஆள் ஒரு சத்தம் கொடுத்தால் என் கை எழுகிறது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை, கயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. தாமலில் கை நின்றபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.

எழுந்துவிட்டேன்.

"வேணாங்க."

"இன்னா வேணாம்?"

"நான் உக்காரல. வேற ஆளப் பாத்துக்கோங்க. தறி வேணும்னா பிரிச்சு எடுத்துக்கினு போங்க."

"இப்பதான பயமா இருக்குதுன்ன?"

"அதுவும் பயமாத்தான் இருக்குது. இது அதவிடப் பயமா இருக்குது."

அவருக்குப் புரியவில்லை. வேட்டியைத் தட்டிக்கொண்டு கிளம்பினார். திமிர் என்று வாசலில் சொன்னது கேட்டது. திமிராக இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! நான் கதவைச் சாத்திவிட்டு, ஒரு கையால் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தேன். பவித்ரா கல்லூரியிலிருந்து வந்து கதவைத் தட்டும்வரை.

சரோஜாம்மாவின் செல்போன்

திங்கட்கிழமை ஹெலன் மேடத்திடம் போய், வீடுகளுக்குப் போகிறேன் என்றேன்.

"பயம் போயிடுச்சாக்கா?"

"இல்ல மேடம்."

இந்த முறை அது உண்மை. அவர் சிரிக்கவில்லை. கொஞ்ச நாள் லேபில் தன் எதிரில் எடுக்கச் சொன்னார். ஆனால் பக்கத்தில் நின்று வாயைத் திறக்கவே இல்லை. நானாக எடுக்கும்வரை வேறு வேலை பார்ப்பதுபோல நின்றார். முதல் நாள் மூன்று பேருக்குப் பட்டையைக் கட்டிவிட்டு, கை வராமல் அவிழ்த்தேன். அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டலாம், அதில் அவமானம் இல்லை என்று மட்டும் சொன்னார்.

மாதம் திரும்பியது. பட்டியலில் முதல் பெயர் ஜெயராமன்.

"அவங்க வேணாம்னா திரும்பிடுங்க. நான் போறேன்," என்றார் மேடம்.

ஆறு மணிக்குத் தாமலில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினேன். சரோஜாம்மா கதவைத் திறந்தார். என்னைப் பார்த்ததும் மூடப் பார்த்தார். உள்ளேயிருந்து ஜெயராமன், "வந்தவங்கள நிக்க வெக்காத," என்றார்.

அதே நாற்காலி, அதே தலையணை. சரோஜாம்மா இந்த முறை சமையலறைக்குப் போகவில்லை. செல்போனில் வினாடி ஓடுகிற கடிகாரத்தை வைத்துக்கொண்டு என் தலைக்குமேல் நின்றார்.

"ஒரு நிமிசம். தாண்டுச்சு, ஊசியோட வெளிய போயிடணும்."

"சரிம்மா. சார், கைய மூடித் தெறக்காதீங்க. அப்படியே வெச்சிருங்க."

ஜெயராமன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். கண்ணை மூடினார். பட்டையைக் கட்டினேன். யாரும் எதுவும் சொல்லவில்லை. தெருவில்கூட ஒரு வண்டி போகவில்லை. அந்த அமைதி எனக்குக் கிணற்றை எட்டிப் பார்ப்பதுபோல இருந்தது. கஸ்தூரி, உன்னை இனிமேல் யாரும் கூப்பிடப் போவதில்லை என்று நினைத்தேன். 

குத்தினேன்.

குழாயில் இரத்தம் வந்ததும் பட்டையை அவிழ்த்தேன். குழாய் நிறைந்தது. ஊசியை எடுத்துப் பஞ்சை வைத்து அழுத்தினேன். சரோஜாம்மா செல்போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அதை இடுப்பில் செருகிக்கொண்டார்.

ஜெயராமன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. பல்லைக் கடித்தபடி கேட்டார்.

"எப்பமா குத்தப் போற?"